ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை கலோரி?

(நடைப்பயிற்சியாளர் சங்கம் ஒன்றின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என்னை அழைக்க வந்த செயலாளர் ஒரு வழக்கையும் கையோடு கொண்டுவந்தார். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் நடக்கிறார். அதே எடையுள்ள இன்னொருவர் அதே ஒரு கிலோமீட்டரை ஓடிக் கடக்கிறார். யாருக்குக் கலோரி அதிகம் செலவாகும்? சங்கத்தில் ஒரு சாரார், எடையும் ஒன்று, தூரமும் ஒன்று, ஆகவே செலவும் ஒன்றுதான் என்கிறார்களாம். இளைஞர்களோ, ஓட்டத்தில் மூன்று மடங்கு செலவாகும் என்கிறார்களாம். உடலியங்கியல் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் இந்த வழக்கை எடுத்துக்கொள்கிறேன். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒன்றுதான் என்பது தவறு. மூன்று மடங்கு என்பது கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய சரி, தூரத்தை வைத்துப் பார்த்தால் தவறு. தூரத்தை வைத்துப் பார்த்தால் சுமார் இரண்டு மடங்கு.

இது எப்படித் தெரியும்? ஒருவரை ட்ரெட்மில்லில் ஏற்றி, மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி மாட்டி, அவர் உள்ளிழுக்கும் காற்றையும் வெளிவிடும் காற்றையும் அளப்பார்கள். உடல் ஒரு லிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்தினால் ஏறக்குறைய 5 கிலோ கலோரி செலவாகியிருக்கிறது என்று பொருள். நாம் பேச்சுவழக்கில் கலோரி என்று சொல்வது இந்தக் கிலோ கலோரியைத்தான். நானும் அப்படியே சொல்கிறேன். இத்தாலியின் மிலான் நகரத்து உடலியங்கியல் அறிஞர் ரொடோல்ஃபோ மார்காரியாவும் அவருடைய சகாக்களும் 1963-இல் ஓட்டத்தைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் இன்றும் அடிப்படை. சமதரையில் ஓடும்போது, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1 கலோரி செலவாகிறது என்பது அவர்கள் கண்டது. மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும் இந்தக் கணக்கு அதிகம் மாறுவதில்லை. வேகமாக ஓடுகிறவருக்கு நிமிடத்துக்கு ஆகும் செலவு கூடுகிறது. ஆனால் அவர் சீக்கிரம் ஓடி முடித்துவிடுகிறார். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன.

நடையின் கதை வேறு. மணிக்கு நாலரை, ஐந்து கிலோமீட்டர் என்ற இயல்பான வேகத்தில் நடக்கிறவருக்குக் கிலோ எடைக்கு, கிலோமீட்டருக்கு அரைக் கலோரிதான் ஆகிறது. ஆக நம் 60 கிலோ ஆள் ஒரு கிலோமீட்டர் நடந்தால் 30 கலோரி, ஓடினால் 60 கலோரி. சும்மா உட்கார்ந்திருந்தாலும் உடலுக்கு ஆகிற செலவைக் கழித்துவிட்டுச் சொல்லும் கணக்கு இது. அந்தச் சும்மா இருக்கும் செலவு, கிலோவுக்கு மணிக்கு 1 கலோரி என்று வையுங்கள். ஒரு கிலோமீட்டர் நடக்க 12 நிமிடம் ஆனால் அதில் 12 கலோரி. ஓட 6 நிமிடம் ஆனால் 6 கலோரி. அதையும் கூட்டினால் நடைக்கு 42, ஓட்டத்துக்கு 66. ஓரிடத்தில் இரண்டு மடங்கு என்றும் இன்னோரிடத்தில் ஒன்றரை மடங்கு என்றும் நீங்கள் படிப்பதற்குக் காரணம் இதுதான். ஒருவர் கழித்துவிட்டுச் சொல்கிறார், மற்றவர் கழிக்காமல் சொல்கிறார்.

ஒரே எடையை ஒரே தூரம் கொண்டுபோவதற்கு ஏன் இரண்டு விலை? மனித உடலின் அமைப்பில் நான் மிக வியக்கும் இடம் இது, கொஞ்சம் நின்று பார்ப்போம். நடக்கும்போது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கிறது. ஊன்றிய கால் ஏறக்குறைய நேராக நிற்க, உடல் அதன் மேல் ஏறி மறுபக்கம் இறங்குகிறது. தலைகீழாக நிறுத்திய ஊசல் என்று இயற்பியலார் சொல்வார்கள். ஏறும்போது வேகம் குறைந்து உயரம் கூடுகிறது. இறங்கும்போது அந்த உயரமே மறுபடி வேகமாகிறது. இப்படி ஒவ்வொரு அடியிலும் ஒன்று மற்றொன்றாக மாறி மீளும் ஆற்றல், நல்ல நடை வேகத்தில் 60 சதவீதத்துக்கு மேல் என்று இத்தாலிய அறிஞர் ஜியோவான்னி கவாஞ்ஞாவின் அளவீடுகள் காட்டின. தசை செய்யவேண்டிய வேலை மிச்சத்துக்கு மட்டும்தான்.

ஓட்டத்தில் இந்த வசதி கிடையாது. கால் தரையைத் தொட்டதும் முட்டி மடங்குகிறது; உடல் தாழ்கிறது, அதே நேரத்தில் வேகமும் குறைகிறது. உயரமும் வேகமும் சேர்ந்தே இறங்கிச் சேர்ந்தே ஏறுவதால் ஒன்று மற்றொன்றுக்குக் கைகொடுக்க வழியில்லை. அதனால் உடல் இன்னொரு உபாயத்தைக் கையாள்கிறது. தரையில் அடித்த ரப்பர் பந்துபோல அது துள்ளுகிறது. குதிகாலுக்கு மேலே விரலால் பிடித்துப் பார்க்கும்படி தடித்து ஓடும் அக்கிலிஸ் தசைநாண் இழுபட்டுச் சுருங்குகிறது. பாதத்தின் வளைவு அமுங்கி நிமிர்கிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மெக்நீல் அலெக்சாண்டரும் சகாக்களும் 1987-இல் இதைக் கணக்கிட்டார்கள். 70 கிலோ மனிதர் நடுத்தர வேகத்தில் ஓடும்போது, ஒவ்வொரு ஊன்றலிலும் கைமாறும் சுமார் 100 ஜூல் ஆற்றலில் 35 ஜூலை அக்கிலிஸ் நாணும், 17 ஜூலைப் பாத வளைவும் சேமித்துத் திருப்பித் தருகின்றன. பாதிக்கு மேல் இலவசமாக வருகிறது. ஆனாலும் மடங்கிய முட்டியின் மேல் முழு உடலையும் தாங்கிப் பிடிக்க, தொடைத் தசை ஒவ்வொரு அடியிலும் இறுகவேண்டியிருக்கிறது. தசை இறுகினாலே செலவுதான். இரண்டாவது முப்பது கலோரி அங்கேதான் போகிறது.

இதிலிருந்து இன்னொன்றும் வருகிறது; சங்கத்தில் வேகமாக நடக்கிறவர்கள் இதைக் காதில் வாங்கிக்கொள்ளவேண்டும். நடையின் செலவு எல்லா வேகத்திலும் ஒன்றல்ல. மிக மெதுவாக நடந்தாலும் கிலோமீட்டருக்கான செலவு கூடும், மிக வேகமாக நடந்தாலும் கூடும். மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும்போது கால் தானாகவே ஓட்டத்துக்கு மாறப் பார்க்கிறது, யாரும் சொல்லிக்கொடுக்கவேண்டியதில்லை. அந்த இடத்தில் ஊசல் வேலை செய்யாமல் போகிறது. உடலைக் கீழே இழுத்துப் பிடிக்கும் புவியீர்ப்பு, அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. நிலவில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு என்பதால், அப்போலோ வீரர்கள் இங்கே சாதாரணமாக நடக்கிற வேகத்திலேயே அங்கே தாவித் தாவிப் போனார்கள். பூமியில் மணிக்கு 8 கிலோமீட்டரைத் தொட்டும் ஓட மறுத்து நடந்தே போகிறவருக்கு, கிலோமீட்டருக்கு ஆகும் செலவு ஓட்டத்தின் செலவை எட்டிப்பிடிக்கிறது, அதற்கு மேல் போனால் தாண்டியும்விடுகிறது. வேகநடையை ஓட்டத்துக்கு ஒருபடி கீழே வைத்துப் பேசுகிறவர்கள் அந்த வேகத்தில் நூறு மீட்டர் நடந்து பார்க்கட்டும்.

ஏற்றம் இன்னும் பலமான விஷயம். நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஏறும் சாலையில், சாதாரண வேகத்தில் நடந்தால் நடையின் செலவு ஏறத்தாழ இரட்டிக்கிறது. ஓட முடியாத முட்டி உள்ளவர்கள், ஓட்டத்தின் செலவை ஒரு மேட்டுச் சாலையில் நடந்தே அடைந்துவிடலாம்.

சரி, எண்ணிக்கை கையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்பதில்தான் எனக்கு வருத்தம். நாள்தோறும் 5 கிலோமீட்டர் நடக்கிற 60 கிலோ மனிதருக்கு அதனால் ஆகும் கூடுதல் செலவு 150 கலோரி. உடலில் ஒரு கிலோ கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரியை அடக்கிக்கொண்டிருக்கிறது. சாப்பாட்டில் ஒரு கவளம்கூடக் கூடாமல் இருந்தால், கணக்குப்படி அந்த ஒரு கிலோ கரைய ஐம்பது நாளுக்கு மேலாகும். நடை முடிந்ததும் ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட காபியும் சாப்பிட்டால் அன்றைய 150 தீர்ந்துபோகிறது. பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரையும் நடந்து முடிக்கிறவருக்குக்கூட இந்தக் கணக்கில் 420 கலோரிதான். கூட்டும் பொரியலும் அப்பளமும் வைத்த ஒரு முழுச் சாப்பாட்டுக்கு அது காணாது. இரண்டு மாதம் நடந்தும் எடைக்கருவியின் முள் அசையவில்லை என்று நடையையே விட்டுவிட்டவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் தப்பான கருவியைக் கொடுத்து அளக்கச் சொல்லியிருக்கிறோம்.

அந்தக் கணக்கும்கூட உடலுக்குள் நேர்க்கோட்டில் போவதில்லை. தான்சானியாவின் ஹட்சா மக்கள் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் தேன் எடுத்தும் வாழ்கிறவர்கள். ஆண்கள் ஒரு நாளில் சுமார் 11 கிலோமீட்டரும் பெண்கள் சுமார் 6 கிலோமீட்டரும் நடக்கிறார்கள். ஹெர்மன் பான்ட்ஸர் என்ற அமெரிக்க மானிடவியலாளரும் குழுவினரும் அவர்களுடைய அன்றாடச் சக்திச் செலவை அளந்து 2012-இல் வெளியிட்டார்கள். உடல் அளவைச் சரிசெய்து பார்த்தபோது, நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் மேலைநாட்டாரின் மொத்தச் செலவுக்கும் ஹட்சா மக்களின் செலவுக்கும் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. உடற்பயிற்சியில் செலவானதை உடல் வேறு இடங்களில் சிக்கனம் பிடித்து ஈடுகட்டிக்கொள்கிறது என்பது பான்ட்ஸரின் விளக்கம். எந்த அளவுக்கு ஈடுகட்டுகிறது என்பதில் அறிஞர்களிடையே விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் ஓடியதைக் கலோரியாக்கி, கலோரியைக் கொழுப்பாக்கி, கொழுப்பைக் கிலோவாக்கிப் பார்க்கும் பெருக்கல் வாய்ப்பாடு உடலுக்குப் பொருந்தாது என்பது தெளிவு.

கையில் கட்டியிருக்கும் வாட்ச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் 2017-இல் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பை அவற்றில் ஆறு நன்றாகவே அளந்தன. கலோரியில் மிகச் சிறந்த கருவிக்கே சராசரிப் பிழை 27 சதவீதம். மிக மோசமானதற்கு 93 சதவீதம். துடிப்பை நம்புங்கள், கலோரியை நம்பாதீர்கள்.

அப்படியானால் எதற்காக நடப்பது, எதற்காக ஓடுவது? இதற்கான விடை லண்டன் பேருந்தில் கிடைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் மாரடைப்பு கூடிக்கொண்டே போனது; காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர், லண்டனின் இரட்டை அடுக்குப் பேருந்துகளை எடுத்துக்கொண்டார். ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே வகைக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள், ஒரே வண்டியில் ஒரே நேரம் வேலை செய்கிறவர்கள். ஓட்டுநர் வேலைநேரம் முழுவதும் உட்கார்ந்திருக்கிறார். நடத்துநரோ டிக்கெட் கொடுக்க மேல்தளத்துக்கும் கீழ்த்தளத்துக்குமாக ஒரு நாளில் 500 முதல் 750 படிகள்வரை ஏறுகிறார். 1953-இல் வெளியான மாரிஸின் ஆய்வு, நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக வருவதையும், வந்தாலும் அது சற்றுத் தணிந்து வருவதையும் காட்டியது. ஓட்டுநர்கள் பருமனாக இருப்பதுதான் காரணமோ என்ற சந்தேகம் வந்தபோது, மாரிஸ் பேருந்து நிறுவனம் தைத்துக்கொடுத்த சீருடைகளின் இடுப்பளவுப் பதிவுகளையே எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பு பெரிதுதான். ஆனால் ஒல்லியோ பருமனோ, எந்த இடுப்பளவை எடுத்தாலும் நடத்துநருக்கே ஆபத்து குறைவு. உடல் அசைவு, எடையைக் குறைக்காமலேயே இதயத்தைக் காக்கிறது என்பதற்கு முதல் சான்று அந்தச் சீருடைக் கணக்கில் இருந்தது. மாரிஸ் 2009-இல் காலமானபோது அவருக்கு வயது 99.

நம் ஊர்ச் சான்றும் இருக்கிறது, அதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை. சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரனும் குழுவினரும் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006-இல் வெளிவந்தன. சர்க்கரை நோயின் வாசலில் நிற்கும் 531 பேர் அதில் சேர்ந்தார்கள். ஒரு பிரிவினருக்கு உணவில் சில மாற்றங்களும், நாள்தோறும் குறைந்தது அரை மணி நேரச் சுறுசுறுப்பான நடையும். யாரையும் ஓடச் சொல்லவில்லை. மூன்று ஆண்டுகளில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. நடந்தவர்கள் பிரிவில் 39 சதவீதம். அவர்களுடைய எடை சொல்லும்படியாகக் குறையவில்லை. எடை குறையாமலே நோய் தள்ளிப்போயிற்று.

இது மாயம் ஒன்றும் இல்லை. தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினின் தயவு இல்லாமலேயே இரத்தத்திலுள்ள குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதனால்தான் மூன்று வேளையும் சாப்பிட்டபின் பதினைந்து நிமிடம் நடந்த முதியவர்களின் இரத்தச் சர்க்கரை நாள் முழுவதும் மேம்பட்டதை 2013-இல் வந்த ஒரு சிறிய அமெரிக்க ஆய்வு கண்டது. இந்தப் பதினைந்து நிமிட நடையில் எரியும் கலோரி மிகச் சொற்பம். பலன் சொற்பம் அல்ல.

ஓட்டத்தையும் நடையையும் நேருக்கு நேர் நிறுத்திய பெரிய ஆய்வும் அதே 2013-இல்தான் வந்தது. அமெரிக்காவில் பால் வில்லியம்ஸும் பால் தாம்ப்சனும் 33,060 ஓட்டக்காரர்களையும் 15,045 நடையாளர்களையும் ஆறு ஆண்டுகள் தொடர்ந்தார்கள். செலவழித்த சக்தி சமமாக இருந்தபோது, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், சர்க்கரை, இதய நோய் ஆகிய நான்கின் ஆபத்தும் இரு தரப்புக்கும் ஒப்பாகவே குறைந்தது. நடை ஒன்றிலும் பின்தங்கவில்லை. ஆனால் செலவழித்த சக்தி சமமாக என்ற நிபந்தனையை மறக்கக்கூடாது. ஓட்டக்காரர் அரை மணி நேரத்தில் 5 கிலோமீட்டர் ஓடிவிட்டுக் குளிக்கப் போய்விடுவார். அதே கணக்கை நேர்செய்ய நடையாளர் 10 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம் நடக்கவேண்டும். எடையைப் பொறுத்தவரை, அதே வில்லியம்ஸின் வேறோர் ஆய்வில், சம செலவிலும் ஓட்டக்காரர்களுக்கே எடை கூடுதலாகக் குறைந்தது.

ஆகவே பின்வரிசையில் இருக்கும் ஓட்டக்காரத் தம்பி தங்கைகளுக்கு: அலுவலகமும் குழந்தையும் பயணமுமாக நாளில் இருபது நிமிடம்தான் மிஞ்சுகிறது என்றால் ஓடுங்கள். 55,137 பேரைப் பதினைந்து ஆண்டுகள் கவனித்த 2014-இன் அமெரிக்க ஆய்வில், நாளுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் மெதுவாக ஓடியவர்களுக்கே இறப்பு ஆபத்து கணிசமாகக் குறைவாக இருந்தது. முட்டி தேய்ந்துவிடும் என்று வீட்டில் பயமுறுத்துவார்கள். 2017-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதத்தினருக்கும், ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2 சதவீதத்தினருக்கும் இடுப்பு, முட்டி மூட்டுத் தேய்மானம் இருந்தது. போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடுகிறவர்களுக்கு மட்டும் 13.3. நல்ல மூட்டு அளவான ஓட்டத்துக்கு அஞ்சவேண்டியதில்லை. ஆனால் முதல் மாதத்திலேயே பத்துக் கிலோமீட்டர் ஓட ஆசைப்பட்டால் முழங்காலுக்குக் கீழேயுள்ள முன்புற எலும்பும் குதிகாலும் வலிக்கத் தொடங்கும். ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு பாரம் இறங்குகிறது. மூச்சு பழகுகிற வேகத்தில் எலும்பும் நாணும் பழகுவதில்லை.

இடையில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஓட்டமா நடையா என்று தேர்ந்தெடுக்கிற உரிமையே எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. காலை ஐந்தரை மணிக்குப் பெண்கள் தனியாக ஓடக்கூடிய தெருக்கள் நம் ஊர்களில் எத்தனை இருக்கின்றன? வீட்டு வேலை முடித்து, மொட்டை மாடியில் குறுக்கும் நெடுக்குமாகச் சேலையோடு நடக்கிற அம்மாமார்களிடம் போய், ஓட்டத்தில் கலோரி இரட்டிப்பு என்று சொல்வதில் என்ன பயன்? தமிழக அரசு 2023-இல் மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதையைக் குறித்துக்கொடுத்த ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தை நான் மனமார வரவேற்கிறேன். அந்த எட்டுக் கிலோமீட்டர் ஒவ்வொரு வார்டின் தெருமுனைக்கும் வரவேண்டும். நடைபாதையை மறிக்கும் வண்டிகளை எடுக்கச் சொல்லி மனுப் போடுவதும் இந்தச் சங்கத்தின் வேலைதான் என்று நினைக்கிறேன்.

கடைசியாக, ஓடவும் தயக்கம், இரண்டு மணி நேரம் நடக்கவும் பொழுதில்லை என்று இருக்கிற, இங்கே பெரும்பான்மையாக அமர்ந்திருக்கிற அறுபது வயதுக்காரர்களுக்கு. ஜப்பானில் மாட்சுமோட்டோ நகரத்தின் ஷின்ஷு பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி நோசே என்ற பேராசிரியரும் குழுவினரும் உங்கள் வயதுக்காரர்களைத்தான் ஆராய்ந்தார்கள். 246 பேர், சராசரி வயது 63. ஒரு பிரிவினர் ஒரே சீராக நாளுக்கு எட்டாயிரம் அடி நடந்தார்கள். இன்னொரு பிரிவினர் மூன்று நிமிடம் வேகமாக, மூன்று நிமிடம் மெதுவாக என்று மாற்றி மாற்றி ஐந்து சுற்று, வாரத்தில் நான்கு நாள் நடந்தார்கள். ஐந்து மாதம் கழித்து, மாற்றி நடந்தவர்களின் தொடை வலிமை முன்புறம் 13, பின்புறம் 17 சதவீதம் கூடியிருந்தது. உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கூடியிருந்தது. இரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. ஒரே சீராக நடந்தவர்களிடம் இந்த அளவு மாற்றம் இல்லை. 2007-இல் வெளிவந்த இந்த ஆய்வைத்தான் என்னைக் கேட்கிற எல்லோரிடமும் சொல்கிறேன். அரை மணி நேரம் போதும், ஓடவேண்டியதில்லை, காசு செலவில்லை.

எவ்வளவு வேகம் என்று கேட்பீர்கள். வேகமான மூன்று நிமிடத்தில் பக்கத்தில் வருகிறவரோடு துண்டு துண்டாக இரண்டு வார்த்தை பேச முடியவேண்டும், முழு வாக்கியம் பேச மூச்சு இடம் கொடுக்கக்கூடாது. மெதுவான மூன்று நிமிடத்தில் தாராளமாகக் கதை பேசலாம். இதய நோய் உள்ளவர்கள், நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம் வருகிறவர்கள், சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள், பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மற்றவர்கள் பூங்காவின் இரண்டு சுற்றில் ஒன்றை இப்படி மாற்றிப் பாருங்கள்; முதல் வாரம் ஒரு நடையில் இரண்டு முறை மூன்று நிமிட வேகம் போதும், பிறகு மூன்று முறை, நான்கு முறை என்று ஏற்றலாம். மூன்று நிமிடத்தைக் கணக்குப் பார்க்கக் கையிலுள்ள வாட்ச் நன்றாகவே உதவும். இனி உங்கள் கேள்விகளைக் கேட்கிறேன்.